காக்காவின் மஞ்சள் மப்ளர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் சுவரோடு சாய்ந்து மதாம். அவர் காலடியில் நான். ஜன்னலோரம் என் மகள். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த வைத்திக்குப்பத்து அக்கா. டி.வி.க்குப் பின்னால் குனிந்து ஒயர் செருகிக்கொண்டிருந்த ஸ்டூடியோ தம்பி. வேறு யாரும் இல்லை.

இவர்களில் என் மகளுக்கும் மீன்கார அக்காவுக்கும் ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். படத்தில் வரும் காக்காவின் மப்ளர் என்ன நிறம் என்று மதாம் கேட்டால் மஞ்சள் என்று சொல்ல வேண்டும். கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தாலும் சரி, மஞ்சள். ஸ்டூடியோ தம்பியிடம் சொல்லவில்லை. அவன் வீடு வரைக்கும் வருவான் என்று நான் நினைக்கவில்லை. பென்டிரைவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவான், நாமே போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். மழை வரும் என்று வெயிலில் குடை எடுத்துப் போகிறவள். நடக்காத ஆயிரம் விஷயத்துக்குப் பயந்தேன். நடந்த ஒன்றுக்குப் பயப்பட மறந்துபோனேன்.

மதாமுக்குப் பெயர் இருந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லவில்லை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சொல்தா. அவர் போன பிறகு மாடியில் மதாம், கீழே வாடகைக்கு நாங்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். என் மிஷின் சத்தம் நின்றால் மாடியிலிருந்து குரல் வரும். "இன்னாடி, நூல் அறுந்துச்சா, மனசு அறுந்துச்சா?"

பெரும்பாலும் மனசுதான். வீட்டுக்காரர் வர நேரமானால் எனக்குக் கை ஓடாது. மாடிப்படி ஏறிப் போய் நிற்பேன். மதாம் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு கண்ணை லேசாக மூடிக்கொள்வார்.

"உன் புருஷன் கருவடிக்குப்பம் ரோட்ல வந்துனு இருக்கான். சைக்கிள் செயின் கழண்டுடுச்சு. குந்தி மாட்டறான். ஊதா சட்டைல மை ஆயிடுச்சுன்னு திட்டறான். போயி அடுப்பப் பத்த வை."

"அவரு வெள்ளைச் சட்டையில்ல போட்டுனு போனாரு?"

"தூரத்துலேர்ந்து பாத்தா ஊதாவாதான் தெரியுது."

அவர் சொல்வதில் எப்போதும் நிறம் இருக்கும். அதுதான் மதாம். வராத ஆளை, பார்க்காத இடத்தை, கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதை நிறம் வைத்துச் சொல்லுவார். சும்மா, வந்துடுவான் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அது எனக்கு வேலை செய்யாது. ஊதா சட்டையில் மை என்று சொன்னால், அந்த மையைத் துவைத்து எடுக்க எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று என் கவலை அந்தப் பக்கம் போய்விடும். அதற்குள் சைக்கிள் மணி கேட்டுவிடும்.

படங்கள் வந்ததும் அப்படித்தான். மதாமின் ஒரே மகன் அப்பாவின் குடியுரிமையில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தவன். அங்கே டிசம்பரில் டி.வி.யில் காட்டுகிற பழைய கிறிஸ்துமஸ் பொம்மைப் படங்களைப் பதிவு செய்து, லீவில் வந்த ஒருவரிடம் நான்கு கேசட் கொடுத்து அனுப்பினான். மதாம் கேசட் போட ஒரு வீடியோ டெக் வாங்கினார். இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் தெருவிலிருந்த சின்னதுகளையெல்லாம் மாடிக்குக் கூப்பிட்டார். நான் கைக்குழந்தையோடு போனேன். மீன்கார அக்கா காசு வாங்க வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

படம் ஓடியது. கறுப்பு வெள்ளை.

"ஏன் மதாம், ஃபாரின்லேர்ந்து அனுப்பறவன் கலர்ல அனுப்பக் கூடாதா?" என்றாள் மீன்கார அக்கா. "நம்ம கொட்டாயில ஓடனதே இதவிட நல்லா இருக்குமே. உம் புள்ள பழசத் தள்ளி விட்டுட்டான் போ."

பிள்ளைகள் சிரித்தன. மதாமின் முகம் ஒரு நொடி சுருங்கியதை நான் பார்த்தேன். அடுத்த நொடியே நிமிர்ந்துவிட்டார்.

"கலர்தான். எம் புள்ள கலர்லதான் அனுப்பியிருக்கான். நம்மூரு டி.வி.க்கு அதைக் காட்டத் தெரியல. நான் அங்க போயிருந்தப்ப பாத்த படம் இது. தோ, காக்கா கழுத்துல சுத்தியிருக்குதே மப்ளரு, அது மஞ்ச. சாமந்தி மஞ்ச. குருவி குல்லா பச்ச. மரத்துல தொங்கற வெளக்கு ஒவ்வொண்ணும் ஒரு கலரு, சொல்றேன் கேட்டுனே பாருங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நாங்கள் அந்தப் படங்களை மதாமின் வாயால்தான் கலரில் பார்த்தோம்.

எத்தனையோ படம் இருந்தது அந்தக் கேசட்டுகளில். ரொட்டிக்கடைக் கரடி, பனியில் சிக்கிய பொம்மை ரயில். ஆனால் எல்லோரும் கேட்டது காக்கா படம். பனி கொட்டுகிற ஊர். நடுவில் ஒரு பெரிய மரம். எல்லாப் பறவையும் ஆளுக்கொரு விளக்கு கொண்டுவந்து மரத்தில் கட்டும். காக்காவை மட்டும் கிட்டே சேர்க்காது, நீ கறுப்பு, மரம் அசிங்கமாகிவிடும் என்று. காக்காவிடம் இருந்தது ஒரே ஒரு மப்ளர். அதைச் சுற்றிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருக்கும். அப்போது ஒரு குருவிக்குஞ்சு பனிப்புயலில் காணாமல் போகும். காக்கா மப்ளரின் ஒரு நுனியை மரத்தில் கட்டிவிட்டுப் பறக்கும். பறக்கப் பறக்க மப்ளர் பிரிந்து நூலாக நீண்டுகொண்டே போகும். குஞ்சைக் கண்டுபிடித்து, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே இரண்டும் திரும்பி வரும். வந்து சேரும்போது காக்கா கழுத்தில் ஒன்றும் இருக்காது. குளிரில் வெடவெடவென்று நடுங்கும். எல்லாப் பறவையும் அதைச் சுற்றி நெருங்கி உட்காரும். அவ்வளவுதான் படம்.

கையால் வரைந்த படம் என்பதால் கோடு கொஞ்சம் நடுங்கும். பனி, உப்பைத் தூவினது மாதிரி விழும். காக்கா ஐஸில் வழுக்கி விழுகிற இடத்தில் ஒரு குழல் சத்தம் வரும் பாருங்கள், என் மகள் கைக்குழந்தையாக அதற்குச் சிரித்தாள், பள்ளிக்கூடம் போகும்போதும் சிரித்தாள். எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் குஞ்சு ஒவ்வொரு வருஷமும் தொலைந்துபோகும். ஒவ்வொரு வருஷமும் கிடைத்துவிடும். என்ன ஆகுமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் நான் பார்த்த படம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

"இவ எங்கடி பிரான்சு போனா?" என்று மீன்கார அக்கா படியிறங்கும்போது என் காதில் சொல்வாள். "மீனம்பாக்கத்துல புள்ளய ஏத்திவுட்டு அழுதுனு வந்ததோட சரி. மஞ்சளாம், பச்சையாம்."

நான் நம்பினேன். நம்புவது எனக்குத் தேவையாக இருந்தது.

ஒருமுறை மட்டும் அது என்னைக் கைவிட்டது. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். தம்பி கூட இருந்தான். மகளுக்கு ஜுரம் என்பதால் நான் வீட்டில். மத்தியானம் ஆகியும் தகவல் வரவில்லை. மாடிக்கு ஓடினேன். மதாம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடினார்.

"பச்சப் போர்வை போத்தியிருக்காங்க. எழுந்து குந்திட்டாரு. டீயில பன்னு தொட்டுத் தின்னுறாரு. உன் தம்பிகிட்ட சக்கர பத்தலன்னு சண்ட போடறாரு."

நான் சிரித்துவிட்டேன். அப்பா சர்க்கரைக்குச் சண்டை போடுகிறவர்தான். கீழே வந்து மகளுக்குக் கஞ்சி கொடுத்தேன், நானும் குடித்தேன். ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன். தம்பி வந்தபோதுதான் தெரிந்தது, மதாம் அந்தப் போர்வையைச் சொல்லும்போதே அப்பா முகத்தை மூடியிருந்தார்கள்.

இரண்டு மாசம் நான் மாடி ஏறவில்லை. மதாம் ஒருநாள் இறங்கி வந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. "அன்னைக்கு ஒரு வாய் சாப்ட்டியா நீ?" என்றார். சாப்பிட்டேன். தகவல் வருவதற்கு முன்னால் சாப்பிட்டதுதான் அடுத்த மூன்று நாளுக்கும். தலையை ஆட்டினேன். அவர் நின்றுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து நான் பழையபடி ஏறினேன். ஆனால் அவர் கண்ணை மூடும்போதெல்லாம் அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பேன். இது நிஜமா, கஞ்சி குடிக்க வைக்கிற பேச்சா?

மகனுக்கு அங்கேயே கல்யாணமாகிப் பிறந்த பேரனுக்கு ஐந்து வயதானபோது மதாம் அவனுக்கு ஒரு மப்ளர் பின்னினார். மகன் சொல்லியிருந்தான், உன் பேரனுக்கும் அந்தக் காக்கா படம்தான் பைத்தியம் என்று. நேரு வீதியில் மூன்று கடை ஏறி இறங்கி, சாமந்தி மஞ்சளில் உல்லன் நூல் வாங்கி வந்தது நான்தான். ஐப்பசிப் புழுக்கத்தில், ஃபேனுக்குக் கீழே, வேர்வை சொட்டச் சொட்டப் பின்னினார்.

"பெட்டியத் தொறந்ததும் காக்காவோடதுன்னு குதிப்பான் பாரு" என்றார்.

மப்ளர் போனது. டிசம்பர் வந்தது. "இன்னா மதாம், பேரன் போட்டானா?" என்று கேட்டோம்.

"கழட்டவே மாட்டேங்கறானாம். குளிக்கறப்பகூட. அவன் அம்மா தெனம் மல்லுக்கட்டறாளாம்."

அதற்கடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார். பிறகு, சின்னதாகிவிட்டதாம், நீலப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறானாம் என்றார். மகனின் போன் குறைந்துபோனதை நான் கவனித்தேன். புத்தாண்டுக்கு ஒன்று. பிறகு அதுவும் எப்போதாவது. மருமகள் குரலை இந்த வீட்டில் யாரும் கேட்டதேயில்லை. காரைக்கால் பெண், சின்ன வயதிலேயே அங்கே போனவள். "அவளுக்கு வேல சாஸ்தி. செவப்பு காரு ஓட்டினு அம்மாந்தூரம் போவணும்" என்பார் மதாம்.

கடைசி இரண்டு வருஷத்தில் கண் போனது. கண்ணில் பிரஷர் என்றார்கள், சொட்டு மருந்து விட்டோம், நிற்கவில்லை. வெளிச்சம் தெரியும், ஆள் நகர்வது தெரியும், அவ்வளவுதான். டெக் அதற்கு முன்பே செத்துவிட்டது. போன டிசம்பரில் ஒருநாள், "அந்தக் காக்கா பாட்ட இன்னொரு வாட்டி கேக்கணும்டி" என்றார். என் மகள்தான் கேசட்டைப் பென்டிரைவில் மாற்றலாம் என்றாள். ஸ்டூடியோவில் கொடுத்தேன். முன்பணம் மட்டும் கட்டினேன், மீதி படம் ஓடிய பிறகு.

வாங்கப் போனபோது அந்தத் தம்பி பெருமையாகச் சிரித்தான். "அக்கா, கலர்ல வந்துடுச்சு."

"எது?"

"படம்தான். பிரான்ஸ்ல ரெக்கார்டு பண்ற முறை வேறக்கா. அந்தக் கேசட்ட நம்மூரு டெக்ல போட்டா படம் வரும், கலர் வராது. எங்கிட்ட ரெண்டும் எடுக்கற பழைய டெக் ஒண்ணு கெடக்குது. பாக்கறீங்களா?"

பார்த்தேன். நம்மூர் டி.வி.க்குக் காட்டத் தெரியவில்லை என்று அன்றைக்கு மானத்துக்காக மதாம் சொன்னாரே, அது உண்மை. மற்றது எதுவும் உண்மையில்லை. குருவிக் குல்லா நீலம். விளக்குகள் அத்தனையும் ஒரே வெள்ளை. மப்ளர் செக்கச்செவேலென்று சிவப்பு. அந்தச் சிவப்பு நூல் பனியில் நீண்டுகொண்டே போனது. பனி மட்டும் அவர் சொன்ன நிறத்தில் இருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம். இதை அவரிடம் யாராவது சொல்லிவிட்டால்? வீடு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அவருக்குத்தான் தெரியாதே. மஞ்சள் என்றால் மஞ்சள்.

"அட, இதுக்கு நீ சொல்லணுமா?" என்றாள் மீன்கார அக்கா. "நான் செத்த மீன உசுரு மீனுன்னு விக்கறவ."

அந்த நாளும் வந்தது. பென்டிரைவ் மதாமின் டி.வி.யில் ஏறவில்லை. மகள் ஸ்டூடியோவுக்குப் போன் பண்ண, அந்தத் தம்பி ஒரு ஒயரும் பெட்டியுமாக வண்டியில் வந்துவிட்டான். நல்ல பிள்ளை. அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நான் எழுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

மதாமின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. "இப்ப வழுக்குவான் பாரு" என்றார். குழல் சத்தம். காக்கா வழுக்கியது. மகள் சிரித்தாள்.

"மஞ்ச நல்லா தெரியுதா?"

"சூப்பரா தெரியுது மதாம் ஆயா" என்றாள் மகள்.

"மஞ்சன்னா மஞ்ச, அப்பிடியொரு மஞ்ச மதாம்" என்றாள் மீன்கார அக்கா. "சாமந்தித் தோட்டமே கெட்டுது போ."

டி.வி.க்குப் பின்னாலிருந்து ஸ்டூடியோ தம்பி பதறி எழுந்தான்.

"மஞ்சளாவா தெரியுது? இருங்கக்கா, கலர் செட்டிங் மாறியிருக்கும். அது சிவப்பு. கடையில பாத்தப்ப ரத்தச் சிவப்பா இருந்துச்சே." எட்டித் திரையைப் பார்த்தான். "சிவப்பாத்தானே இருக்குது?"

மீன்கார அக்கா அவன் காலில் கிள்ளினாள். அவன் "ஆ" என்றான்.

"நிறுத்து தம்பி" என்றார் மதாம்.

நிறுத்தினான். காக்கா பாதி வானத்தில் நின்றது.

"நூலும் சிவப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "ஆமாம்மா. நூலும்தான்."

மதாம் மடியில் கையைக் கோத்துக்கொண்டார். பிறகு சொன்னதை எங்கள் யாருக்கும் என்று சொல்லவில்லை. சுவருக்குச் சொன்னது மாதிரி இருந்தது.

"மப்ளரு போயிச் சேந்ததும் எம் மவன் போன் பண்ணான். புள்ள போட்டுக்க மாட்டேங்குதும்மா, இது காக்காவோடது இல்லன்னு அழுவுதுன்னான். கலரு கிலருன்னு என்னமோ சொன்னான். நான் காதுல வாங்கல. மருமவதான் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துட்டான்னு நெனச்சேன். ஆயா அனுப்பனத போடாதன்னு. போன அவகிட்ட குடுறான்னேன். கேக்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன் அவள. அவ அப்பன் ஆத்தாவையெல்லாம் இழுத்தேன். அவ ஒண்ணுமே பேசல. கடைசியா 'சரிங்கத்தை'ன்னா. அதோட சரி."

மீன்கார அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அஞ்சு வயசுப் புள்ள" என்றார் மதாம். "கலர் தப்புன்னு சொல்லியிருக்குது. வேற ஒண்ணுமில்ல."

"மஞ்சன்னு ஏன் மதாம் சொன்னீங்க அப்ப?" என்றாள் மீன்கார அக்கா. குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அவளுக்கே அழுகை வந்திருந்தது.

"நீ சிரிச்சியே, பழசத் தள்ளி விட்டுட்டான்னு. எம் புள்ளய விட்டுக் குடுக்க முடியல."

சாயங்காலம் நாலு மணி இருக்கும். அங்கே இன்னும் மத்தியானம்கூட ஆகியிருக்காது. மதாமின் போனில் மருமகள் நம்பர் இருந்தது. மதாம் போடச் சொல்ல, மகள் தேடி எடுத்துப் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் நின்றது.

"வேலையா இருப்பா" என்றார் மதாம்.

நான் காத்திருந்தேன். கண்ணை மூடுவார், என்ன நிறத்தில் கோட்டு, அடுப்பில் என்ன, ஜன்னலுக்கு வெளியே என்ன என்று சொல்லுவார் என்று. அவர் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபடியே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"சமையல்கட்டுல இருப்பாங்க மதாம். தண்ணி சத்தத்துல கேட்டிருக்காது. ஊதா கலர்ல ஒரு..."

மதாம் என் கையைத் தடவித் தேடிப் பிடித்தார்.

"வுட்று. உனக்கு வராதுடி அது."

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வருவதற்குள் மதாம் போய்விட்டார். மருமகள் திரும்பக் கூப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்தவரை போன் அடிக்கவில்லை. அடக்கத்துக்கு மகன் மட்டும் வந்தார், தலை நரைத்துப் போய். அந்த மப்ளர் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தூக்கிப் போட்டுட்டோம் என்று சொல்லிவிட்டால்? பத்திரமா இருக்குது என்று சொன்னால் அது இன்னும் கொடுமை. கேட்கவில்லை. பென்டிரைவை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். "அம்மா பாத்தாங்களா?" என்றார். "கேட்டாங்க" என்றேன்.

ஸ்டூடியோ தம்பி அன்றைக்கு ஒயரைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் படியிறங்கினவன். பணம் கொடுக்க இரண்டு முறை கடைக்குப் போனேன். "இருக்கட்டும்க்கா" என்று தலையை நிமிர்த்தாமலேயே சொல்கிறான். எனக்கு அது இருக்கட்டும் என்று விட முடியவில்லை; அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன். மீதி, முந்நூற்றைம்பது ரூபாய்.